பொத்துவில் பாறையில் விழப் பழகினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அறுகம்பே கடற்கரை முழுக்க வெளிநாட்டுக்காரர் நிறைந்திருந்த ஓகஸ்ட் மாதம். நான் அப்போது வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என் தொழில் அதுவல்ல. பதினொரு வருடங்கள் டெலிபோன் கோபுரங்களில் ஏறி வேலை செய்தவன் நான். அந்த வருட ஆரம்பத்தில் ஒரு கோபுரத்தின் உச்சிக்குக் கிட்ட கால் வழுக்கி, இடுப்புப் பட்டியில் தொங்கிவிட்டேன். கூட வேலை செய்தவர் ஏறி வந்து பிடிக்கும்வரை கீழே தெரிந்த தென்னைகளின் தலையைப் பார்த்தபடியே கிடந்தேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கோபுரத்திலும் மூன்றாவது படிக்கு மேல் கால் எழவில்லை. ஊரில் இடுப்பு நோவு என்று சொல்லிவைத்தேன். மனைவி மட்டும் ஒருநாள் சோறு போட்டபடியே, "இடுப்பு நோவுக்காரருக்கு நாள் முழுக்க வேன் ஓட்டேலுமா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

அந்த ஓகஸ்டில்தான் ஒரு பெண் என் வேனில் ஏறினாள். பெற்றோருக்கு மட்டக்களப்பு, அவள் பிறந்து வளர்ந்தது சுவிஸில். பாறை ஏறுவதுதான் தொழில் என்றாள். அதற்கும் சம்பளம் கொடுக்கக் கம்பனிகள் இருக்கின்றன என்றபோது நான் நம்பவில்லை. பொத்துவிலுக்கு உள்ளே, காட்டோரம் நிற்கும் ஒரு பாறையின் செங்குத்தான பக்கத்தால் ஏற வந்திருந்தாள். அவளுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்க வந்த தோழி காய்ச்சலில் படுத்துவிட்டாள். "எனக்குக் கயிறு பிடிக்கத் தெரியும்" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு, பாறை சூடாகுமுன் அவளைக் கூட்டிப்போவேன். பாறையின் உச்சியில் மாட்டிய கயிற்றின் ஒரு நுனி அவள் இடுப்பில், மறுபக்கம் என் கையில். கயிறு, அவள் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். அதைப் பிடித்து ஏறினால் ஏறியதாகக் கணக்கில்லை. முக்கால்வாசி உயரத்தில் பிஸ்கட் கனத்துக்கு ஒரு விளிம்பு. அங்கேதான் விழுவாள். ஒவ்வொரு நாளும், அதே இடத்தில். இறக்கிவிட்டதும் நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு கைகளும் காற்றில் மெல்ல அசையும், மனதுக்குள் திரும்ப ஏறிக்கொண்டிருப்பாள். மூன்று தரம்தான் முயல்வாள்.

"இன்னொருக்கா பாருங்க தங்கச்சி, கிட்ட வந்திட்டீங்க" என்பேன்.

"இல்ல நானா, இண்டைக்குக் காணும். விரல் தோல் பிஞ்சா நாலு நாள் போயிடும்" என்பாள். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம், அவளும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தாள்.

ஆறாம் நாள் கேட்டேன், "விழக்குள்ள பயமில்லையா?"

"பயம்தான் நானா. வந்தா, என்னத்துக்கு வந்தாயெண்டு அதுட்டயே கேப்பன். முடிச்சு, கயிறு, பட்டி எல்லாத்தையும் ஒருக்கா பாப்பன். எல்லாம் சரியெண்டா, அது அதுபாட்டுக்கு இருக்கட்டும், நான் ஏறுவன்."

கோபுரத்தில் தொங்கியதையும், யாரிடமும் சொல்லாத பயத்தையும் அன்று அவளிடம் சொன்னேன். அவள் அனுதாபப்படவில்லை.

"நீங்க விழ இல்லயே நானா, பட்டி பிடிச்சிட்டுதே. ஆனா அது உங்கட உடம்புக்குத் தெரியாது. தெரியப்படுத்தோணும்."

பாறையின் லேசான பக்கத்தில் என்னை ஏறச் சொல்லிக் கயிற்றை அவள் பிடித்தாள். ஒரு ஆள் உயரம் போனதும், "இப்ப கைய விடுங்க" என்றாள். விட முடியவில்லை. விரல்கள் கல்லோடு ஒட்டிக்கொண்டன. நாற்பதை நெருங்கும் மனிதன் நான், கண்ணீர் வந்துவிட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை விட்டேன். கயிறு இழுத்துப் பிடித்தது. அவ்வளவுதான். திரும்ப ஏறினேன், திரும்ப விட்டேன். அடுத்த மூன்று நாளும் அதுவே வேலை. மூன்றாம் நாள் வீட்டுக் கூரை உயரத்திலிருந்து கையை விட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

பத்தாம் நாள் அவளுடைய கடைசி நாள். வானம் மூடியிருந்தது, கடல் காற்று. முதல் தரம் விழுந்தாள். இரண்டாம் தரமும் விழுந்தாள். மூன்றாம் தரம் அந்த விளிம்பில் விரல் பட்டதும் நான் மூச்சை அடக்கினேன். அவள் உடம்பு ஆடவில்லை. இடது கால் மெல்ல மேலே வந்தது. இன்னொரு கை. பிறகு அவள் காலும் மறைந்து, உச்சியில் அவள் முகம் மட்டும் எட்டிப் பார்த்தது. "நானா, ஏறிட்டன்" என்றாள். அல்லாஹு அக்பர் என்று நான் போட்ட தக்பீரில் பக்கத்து மரத்து மயில்கள் கலைந்து பறந்தன.

அவள் போன அடுத்த கிழமை பழைய மேலாளருக்கு அழைப்பு எடுத்தேன். பாலமுனைப் பக்கம் ஒரு கோபுரம் தந்தார். மூன்றாவது படியில் பயம் வந்தது. நின்றேன். பட்டியைப் பார்த்தேன், கொக்கியைப் பார்த்தேன், அடுத்த படியை ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. ஏறினேன். உச்சியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அறுவடை முடிந்த வயல். அங்கிருந்தே மனைவிக்குப் பேசினேன்.

"எங்க நிக்கிறீங்க? காத்து இரையிது."

"கோபுரத்துக்கு மேல."

"அல்ஹம்துலில்லாஹ். பாத்து இறங்குங்க" என்றாள், அழுதுகொண்டே.

இப்போதும் கோபுரத்தடியில் நிற்கும்போது எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு நோவு என்று பொய்ப் பெயர் வைக்காமல், கூட வேலை செய்பவர்களிடம் வாய் திறந்து சொல்லிவிட்டே ஏறுகிறேன், அதனால்தான் இன்றுவரை ஏற முடிகிறது என்று நினைக்கிறேன்.