தண்ணீர் குடித்துவிட்டு எடுத்த ஸ்கேன்

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், சில ஸ்கேன்களுக்கு முதலில் கழிவறைக்குப் போய்வரச் சொல்கிறார்கள். திண்டுக்கல்லில் நேர் தலைகீழ். அங்கே ஸ்கேன் சென்டர் பெஞ்சில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு, பெயர் கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஐந்தாம் மாதத்தில் நானும் வயிறு முட்டக் குடித்துவிட்டுச் சமர்த்தாகப் போய்ப் படுத்தேன். ஸ்கேன் எடுப்பவள் திரையைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை ஏதோ சேட்டை செய்கிறது என்று நினைத்து நானும் சிரித்தேன். அவள் கழிவறைப் பக்கம் கையை நீட்டினாள்.

திரும்பி வந்ததும் விளக்கினாள். எங்கள் குடும்பத்தில் குறைப்பிரசவம் உண்டு என்று சொல்லியிருந்ததால், அன்று பார்க்க வேண்டியது கர்ப்பப்பை வாயின் நீளம். அது குட்டையாகிக்கொண்டே வந்தால் குழந்தை முந்திப் பிறக்கும் அபாயம் அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் தையல் போட்டோ மருந்து கொடுத்தோ தடுக்கப் பார்க்கலாம். கருவியை உள்ளே வைத்து அளந்தால்தான் சரியாகத் தெரியும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது அழுத்தி, குட்டையானதையும் நீளமாகக் காட்டிவிடும். எனக்கு நீளம் போதுமானதாக இருந்தது. "குட் நியூஸ்" என்றாள். எனக்கோ ஊர் ஞாபகம்தான் வந்தது.

என் தங்கை செல்விக்கும் அப்போது ஐந்தாம் மாதம். செம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள், முதல் பிள்ளையை ஆறாம் மாதத்தில் பறிகொடுத்தவள். முந்தின வாரம்தான் திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்திருந்தாள். போன் கார்டைச் சுரண்டி, அதிலிருந்த எண்ணைப் போட்டு உடனே கூப்பிட்டேன்.

"தண்ணி குடிச்சிட்டா எடுத்தாங்க?"

"ஆமாக்கா, ரெண்டு பாட்டிலு. கர்ப்பப்பை வாயி நல்லா நீளமா இருக்காம்."

"இன்னொரு தடவ போடி. உள்ள வச்சு அளக்கச் சொல்லு."

"உள்ளயா? அங்க ஆம்பள டாக்டருக்கா. எங்க அத்தைகிட்ட இத எப்பிடிச் சொல்லுவேன்?"

செல்வியைக் கூட்டிவந்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லி, திண்டுக்கல்லில் இருந்த அம்மாவிடம் கெஞ்சினேன். "வளைகாப்புக்கு முந்தி நம்ம வீட்டுக்குக் கூட்டியாந்தா சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாக? ஏழாம் மாசம் வரட்டும்த்தா. இங்க வந்ததும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். இங்கே முன்பின் தெரியாதவர்கள் என் உடம்பை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டிருக்க, ஊரில் என் சொந்தத் தங்கையை ஒரு மேசையில் படுக்க வைக்க என்னால் முடியவில்லை. போனில் கத்தினேன், அழுதேன். கார்டுதான் தீர்ந்தது.

வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் செல்விக்கு வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. ஒரு நாள் இருந்தான். முன்னாலேயே அளந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று அரைகுறை ஆங்கிலத்தில் இங்குள்ள டாக்டரிடம் கேட்டேன். என் குழந்தையைப் பற்றித்தான் பயப்படுகிறேன் என்று நினைத்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்கு மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நல்லா இருக்கட்டும்த்தா. ஆனா கொஞ்ச நாளைக்கு நீ யாருகிட்டயும் சொல்ல வேணாம். செல்வி இங்கதான் படுத்துருக்கா. தாங்க மாட்டா."

சரி என்றேன். லீட்ஸில் என் மகளுக்குப் பெயர் பதிந்தாயிற்று, நர்ஸ் வீட்டுக்கே வந்து எடை பார்த்துப் போகிறாள். திண்டுக்கல்லில் அவள் இன்னும் பிறக்கவில்லை.