நாற்பத்தொன்றாம் நாள் நாற்று

நாற்று விட்டு இருபத்தைந்தாம் நாள் நட வேண்டும். நான் விட்டிருந்த ரகம் முப்பது நாள் வரை பொறுக்கும். அதற்குமேல் நட்டால் பிழைத்தாலும் தூர் கட்டாது. இருபத்தாறாம் நாள் காலை ஏழு மணிக்கு நடவு ஆட்கள் பதினொரு பேர் வந்தார்கள். ஏழு இருபதுக்குப் பதினொரு பேரும் வரப்பில் ஏறி நின்றார்கள். முதலில் சேற்றில் இறங்கியவளின் உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது.

"இன்னா மில்லுக்காரரே, நெல்லு நடக் கூப்ட்டீங்களா, கண்ணாடி பொறுக்கக் கூப்ட்டீங்களா?" என்றாள் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்தொரு வருடம் கரும்பு வண்டிகளை எண்ணியவன் என்பதால் ஊரில் எனக்கு அந்தப் பெயர்.

"கொஞ்சம் துழாவிப் பாத்து நடுங்கம்மா" என்றேன்.

"நடுறவளுக்குக் கண்ணு சேத்துக்குள்ளயா இருக்குது? அங்க பாருங்க, ஊசி கெடக்குது. கால்ல ஏறுச்சின்னா எங்க வூட்ல யாரு சோறாக்குறது? நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுறவராச்சே. எண்ணி எடுத்துட்டு சொல்லி அனுப்புங்க, அன்னிக்கே வரோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. காலில் குத்துப்பட்டவள் முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

என் வயலுக்கு மேற்கே, ஒரு வாய்க்கால் தாண்டி, ஊர்ப் பொதுக் களம் இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அங்கே யாரும் கதிர் அடிப்பதில்லை. நாற்று விடுவதற்கு முப்பத்திரண்டு நாள் முன்பு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்தார். குப்பை அள்ளும் ஒப்பந்தம் முடியப்போகிறது, புதிய ஆள் வரும்வரை தெருக் குப்பையைக் களத்தில் இறக்கி வைத்துக்கொள்கிறோம், பெரிய லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றார். "பத்தே நாள் சார். ஊர்ல ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடிதம் வேணும். நீங்க எழுதினா எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க."

எழுதினேன். அலுவலகத் தமிழ் எனக்கு நன்றாக வரும் என்ற கர்வம். 'புதிய ஒப்பந்தம் முடிவாகும் வரை எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, முதல் கையெழுத்தும் போட்டு, பதினான்கு வீடு ஏறி மற்றக் கையெழுத்துகளையும் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் என்று எழுதியிருக்கலாம். அது வாயால் சொன்னது, கடிதத்தில் போட்டால் நம்பாததுபோல் இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

தினமும் நான்கு சின்ன வண்டிகள் வந்தன, ஞாயிறு தவிர. பெரிய லாரி மொத்தம் ஐந்து முறை வந்தது. பிறகு பழைய ஒப்பந்தம் முடிந்தது, லாரி நின்றது, சின்ன வண்டிகள் நிற்கவில்லை. வயலில் என் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணி நோட்டில் எழுதினேன். நாற்று விடும்போது குவியல் இடுப்பளவு. மழைக்கு முன் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்து விதைத்தேன். புரட்டாசி மழை மூன்று இரவு பெய்தது. வாய்க்கால் பொங்கிக் குவியலில் பாதி நடவுக்கு உழுது வைத்திருந்த சேற்றில் வந்து படிந்தது. மேட்டு மூலையில் இருந்த நாற்றங்கால் மட்டும் தப்பியது.

ஆட்கள் திரும்பிப் போன அன்றே பழைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டு. கண்ணாடி தனி, ஊசி தனி, பிளேடு தனி. இரண்டாம் நாள் நூற்றெழுபது. குறைகிறதே என்று சந்தோஷப்பட்டேன். அன்று மாலை மறுபடி மழை. மூன்றாம் நாள் இருநூற்று நாற்பது.

இருபத்தொன்பதாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். ஐம்பது வேலைநாள், இருநூறு வண்டி உள்ளே, ஐந்து லாரியில் நாற்பது வண்டிச் சுமை வெளியே, மீதி நூற்றறுபது களத்திலும் என் வயலிலும் என்று படித்துக் காட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் மரியாதையான பிள்ளை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஃபைலைப் பிரித்து என் கடிதத்தையே என் முன்னால் வைத்தார்.

"நீங்க எழுதினதுதான சார்?"

"ஆமாம்பா."

"டெண்டர் ரெண்டு தடவ விட்டாச்சு. மொத தடவ ஒருத்தரும் வரல. ரெண்டாவது ஒரே ஒருத்தர், அத தள்ளிட்டாங்க. மூணாவது மேலருந்து உத்தரவு வரணும்."

"எப்ப வரும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க உக்காந்திருக்கேன்?"

"அதுவரைக்கும் வேற எடத்துல கொட்டலாமே."

"வேற எந்த ஊரு சார் எழுதிக் குடுக்கும்? உங்க ஊருதான் குடுத்துச்சு."

என் எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நோட்டை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முப்பத்துமூன்றாம் நாள் சேற்றிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வந்தது. ஒவ்வொரு குழியின் மேலும் பேனாவால் கிழமை எழுதியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடக்கூடாது என்று இந்த ஊரில் இப்படி எழுதி வைப்பவன் நான் ஒருவன்தான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் மனைவி துவைக்கும்போது எடுத்து, "இத ஏன் திரும்ப எடுத்தாந்தீங்க?" என்று மறுபடி குப்பை வாளியில் போட்டாள்.

நாற்பத்தொன்றாம் நாள், நான் சொல்லி அனுப்பாமலே நடவுத் தலைவி வந்தாள். நாற்றங்காலில் ஒரு நாற்றைப் பிடுங்கி, தண்டை நகத்தால் கீறிக் காட்டினாள்.

"கணு விட்டுடுச்சி மில்லுக்காரரே. இனிமே நட்டா வைக்கோலு கூட தேறாது. உடுங்க."

"நேத்து எண்பத்தாறு துண்டுதான் கெடச்சுது. இன்னும் நாலு நாள் இருந்தா…"

அவள் கையிலிருந்த நாற்றை எறியாமல் நாற்றங்காலிலேயே செருகி வைத்துவிட்டுப் போனாள்.

மாட்டுக்காவது ஆகட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். "இன்னாண்ணே, வெளையாடுறியா? மாடு நாத்தோட நிக்குமா? சேத்துல எறங்கி பிளாஸ்டிக்கத் துன்னுட்டு வந்தா யாரு பாக்குறது?" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

நாற்று அப்படியே நிற்கிறது. கிருமாம்பாக்கம் போகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு மூலை மட்டும் நல்ல பச்சையாகத் தெரியும்.

மறுநாள் காலை ஏழே காலுக்குத் தெருமுனையில் குப்பை வண்டியின் விசில் கேட்டது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாளியையும் நானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் கொட்டினேன். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதே. பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். அந்த வண்டி களத்துக்கு வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.