ஒரே நோட்டில் இரண்டு எடை

நர்சிங் கல்லூரி முதலாண்டில் விடுதியில் அவளுக்கு வைத்த பேர் குண்டூசி. ஐம்பது கிலோகூட இல்லாத உடம்பு. வெள்ளைச் சீருடையில் வார்டு வாசலில் நின்றால் கொடியில் காயப்போட்ட துணி போலிருப்பாள். மூன்றாம் ஆண்டு பாதியில் எடை அறுபத்தெட்டைத் தொட்டதும் அதே தோழிகள் பேரில் பாதியை வெட்டிவிட்டார்கள். ஊசி போனது, குண்டு நின்றது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து அறைக்கு வந்து, இடுப்பில் கொக்கி மாட்டாத சீருடையை ஊக்கு குத்திச் சரிசெய்துகொண்டாள்.

அவள் ஒன்றும் பெருந்தீனிக்காரி இல்லை. விடுதிச் சாப்பாட்டுக்கூடம் காலை ஏழு மணிக்குத் திறக்கும். அவள் வார்டில் இருக்க வேண்டியது ஆறே முக்காலுக்கு. படுக்கை மாற்றி, காய்ச்சல் பார்த்து, ரத்த அழுத்தம் எழுதி, மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வந்து நிமிர்ந்தால் பத்தரை. கேன்டீனில் நின்றபடியே நான்கு நிமிடத்தில் விழுங்கக் கூடியவை இனிப்பு பன்னும் டீயும்தான். மதியச் சாப்பாடு ஆறிப்போய், வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் பாதியோடு நிற்கும். சாயங்காலம் ரெக்கார்டு எழுத உட்கார்ந்தால் பிஸ்கட் பாக்கெட் தானாகக் காலியாகும். பகலெல்லாம் வரிசையில் நிற்கவைத்த வயிறு எட்டு மணிச் சாப்பாட்டைக் கண்டால் சும்மா விடுமா? அதற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். வார்டுக்கு நான்கு மாடி ஏற லிஃப்ட், விடுதிக்குத் திரும்பக் கல்லூரி வேன். சத்துணவுப் பாடத்தில் அவள்தான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.

அந்த வருஷம் சமுதாய நல ஆசிரியை ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு சர்க்கரை நோயாளியை ஒதுக்கினார். ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, எடையும் சாப்பாடும் எழுதி, கடைசியில் அறிக்கை தர வேண்டும். குண்டூசிக்குக் கிடைத்தவர் ஒரு பஸ் டிரைவர். நாற்பத்து நான்கு வயதுப் பெண். டிப்போவில் எல்லோருக்கும் அவர் டிரைவரக்கா. சர்க்கரை வந்து எட்டு மாதமாகிறது. எடை எண்பத்தொன்று.

முதல் சந்திப்பு டிப்போவின் ஓய்வறையில் நடந்தது. இரும்பு அலமாரிகள், ஒரு நீள பெஞ்சு, டக் டக்கென்று சத்தமிடும் மின்விசிறி. குண்டூசி கொண்டுபோன எடை மெஷினைத் தரையில் வைத்து, படம் போட்ட அட்டையை விரித்து, மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ. காலைச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. இனிப்பு வேண்டாம். தினம் அரை மணி நேரம் நடை.

டிரைவரக்கா கண்ணும் கருத்துமாகக் கேட்டார். அட்டையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எல்லாம் சரி நர்ஸம்மா. இன்னிக்குக் காலையில நீ என்ன சாப்பிட்ட?"

"பன்," என்றாள் குண்டூசி.

"எத்தனை?"

"ரெண்டு."

"இந்தப் படத்துல பன் எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

பெஞ்சின் மறுமுனையில் காலை நீட்டிப் படுத்திருந்த கண்டக்டர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"கிண்டல் பண்ணல," என்றார் டிரைவரக்கா. "நீயும் என்னை மாதிரிதான. எனக்கு டிரிப்பு, உனக்கு வார்டு. சாப்பிட நேரமில்ல, நேரம் கிடைச்சா அளவில்ல. ஒண்ணு பண்ணலாம். நீயும் மெஷின்ல ஏறு. ஒரே நோட்டுல ரெண்டு பேர் எடையும் எழுதுவோம். நீ குறைச்சா நானும் குறைக்கறேன்."

மறுத்திருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. குண்டூசி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இடப்பக்கம் எண்பத்தொன்று, வலப்பக்கம் அறுபத்தெட்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

முதல் மாதம் முழுவதும் இரண்டு எண்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. டிரைவரக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குண்டூசிக்குத்தான் மானப் பிரச்சினையாகிவிட்டது. மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவள் தானே பெயிலானால் என்ன மரியாதை? ஒரு திங்கட்கிழமை முதல் பன்னை விட்டாள், கூடவே காலைச் சாப்பாட்டையும். வாரம் போனதும் இரவுச் சாப்பாட்டையும் விட்டாள். தலைவலி வந்தது, கோபம் வந்தது, மாத்திரை வண்டியில் பேர்களை இரண்டிரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. எதையும் மணி பார்த்துச் செய்வதால் கடிகாரம் என்று பேர் வாங்கிய அறைத் தோழி ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள்.

"நீ சாப்பிட்டு எத்தனை நாளாச்சுடி?"

"மதியம் சாப்பிட்டேனே."

"நாலு வாய். நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் மாதக் கடைசியில் மெஷின் அறுபத்தைந்து காட்டியது. டிரைவரக்காவுக்கு எண்பத்தொன்றே.

"மூணு கிலோவா? எப்படிம்மா குறைச்ச?"

பெருமையில் வாய் முந்திக்கொண்டது. "காலையில ஒண்ணும் சாப்பிடறதில்லக்கா. அவ்வளவுதான். ரெண்டு மூணு நாளு கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்."

சொன்ன மறுநொடியே, உங்களுக்கு அது ஆகாது, மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் வெளியே ஹாரன் அடித்தது. டிரைவரக்கா தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் மெஷினைப் பைக்குள் வைத்தாள்.

ஒன்பது நாள் கழித்து, மதியம் வகுப்புக்குப் போகும் வழியில் போன் வந்தது. டிரைவரக்காவேதான். குரல் சாதாரணமாக இருந்தது.

"காலையில வண்டி ஓட்டும்போது கை நடுங்கிடுச்சு நர்ஸம்மா. வேர்த்துக் கொட்டுச்சு. முன்னால நின்ன லாரி ரெண்டா தெரிஞ்சுது. எப்படியோ ஓரங்கட்டிட்டேன். கண்டக்டர் ஓடிப்போய்ச் சர்க்கரை அள்ளிப் போட்டு டீ வாங்கிட்டு வந்தார். குடிச்சதும் சரியாயிடுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"நீதான் சாப்பிடறதில்லன்ன."

 பஸ்ஸில் அப்போது நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். அவள் வகுப்புக்குப் போகவில்லை. நேரே டிப்போவுக்குப் போய், டிரைவரக்காவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்து வந்தாள். வெளிநோயாளிப் பிரிவில் டாக்டர் சர்க்கரையைப் பார்த்தார். மாத்திரையை மாற்றி எழுதினார். ஒரு வாரம் ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது என்று சான்றிதழ் கொடுத்தார். வெறும் வயிற்றில் இனி எப்போதும் வண்டி எடுக்கவே கூடாது என்றும் சொன்னார்.

மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது அவள் மெல்லச் சொன்னாள். "அக்கா, தப்பு என்னுதுதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொன்னியே. அட்டையெல்லாம் காட்டிச் சொன்ன," என்றார் டிரைவரக்கா. "ஆனா சொன்னதுல எடை குறையல, செஞ்சதுல குறைஞ்சுது. எது குறைஞ்சுதோ அதை நான் பிடிச்சுக்கிட்டேன். எனக்கும் மூளை வேணாமா? மாத்திரை அட்டையிலயே சாப்பிட்டுப் போடணும்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. விடு."

அவளால் விட முடியவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கே, விடுதியில் தங்கியிருந்த சமுதாய நல ஆசிரியையின் அறைக்குப் போய் நின்றாள். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள், தான் பட்டினி கிடந்ததையும் சேர்த்து. ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"நேத்து ராத்திரியாவது சாப்பிட்டியா?"

"இல்ல மேடம்."

"போய் மெஸ்ல சாப்பிட்டுட்டு வா. வார்டு சிஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன். வந்ததும் நடந்தது அத்தனையும் அறிக்கையில எழுதற. ஒரு வரி விடக் கூடாது."

அன்று ஏழு மணிக்குத் திறந்த மெஸ்ஸில் அவள் முதல் ஆளாக உட்கார்ந்தாள். அவித்த முட்டை இரண்டு, ரொட்டி, ஒரு வாழைப்பழம். நடுவில் அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டாள். பரிமாறுகிற அம்மா தண்ணீர் டம்ளரை அருகில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். கடிகாரமும் அவளும் இன்னும் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு, மெஸ்ஸை ஆறு மணிக்குத் திறக்கக் கேட்டு மனு கொடுத்தார்கள். மூன்று வாரம் இழுத்தடித்து ஆறேகாலுக்குத் திறக்க ஒத்துக்கொண்டார்கள். பத்தரை மணிக்குக் கேன்டீன் போகாமல், பையில் வைத்த பழத்தையும் கொஞ்சம் வேர்க்கடலையையும் ஓய்வறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். உட்கார்ந்து என்பதுதான் முக்கியம். நின்றுகொண்டு தின்பது எதுவும் அவளுக்குக் கணக்கிலேயே வருவதில்லை. டீயில் சர்க்கரையைப் பாதியாக்கினாள். முழுதாக விடப் பார்த்து இரண்டு நாளில் தோற்றாள். லிஃப்டை விட்டு மாடி ஏறினாள், கால் கடுத்த நாட்களில் மட்டும் இரண்டாவது மாடியில் லிஃப்டுக்குள் புகுந்துகொண்டாள். ரெக்கார்டைச் சாயங்காலமே முடித்து பத்து மணிக்குள் படுத்தாள்.

டிரைவரக்காவுக்கு இரண்டு டிரிப்புக்கு நடுவே இருபத்திரண்டு நிமிடம் ஓய்வு. குண்டூசி வருகிற நாட்களில் இருவரும் டிப்போ முற்றத்தில் நிறுத்திய பஸ்களுக்கு இடையே புகுந்து புகுந்து நடந்தார்கள். கழுவுகிற இடத்து ஈரத்தைத் தாண்டி, டயர் அடுக்கைச் சுற்றி வந்தால் ஒரு சுற்று. ஆறு சுற்றில் டிரைவரக்காவுக்கு மூச்சு வாங்கும். கண்டக்டர் பெஞ்சில் படுத்தபடியே, "இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் டிரைவரக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து மூன்று பேரானார்கள்.

வீட்டிலிருந்து அம்மா போனில் கேட்பார். "இளைச்சுட்டியாமே? மெஸ்ல ஒழுங்காப் போடறதில்லையா?"

"போடறாங்கம்மா. இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடறேன்."

"ஒழுங்கா சாப்பிட்டா யாராவது இளைப்பாங்களா?" அம்மாவுக்கு அது கடைசி வரை புரியவில்லை.

பட்டினி விட்டதும் எடை அறுபத்தேழுக்கு ஏறி, பிறகு மாதம் ஒரு கிலோ என்று ஆமை போல இறங்கி, ஆறாம் மாதம் அறுபத்து நான்கில் நின்றது. சீருடையை அவள் தையல்காரரிடம் கொடுத்து ஒரு அங்குலம் பிரித்துத் தைத்துக்கொண்டாள். அது அவளுக்குத் தோல்வியாகத் தெரியவில்லை, இடுப்பில் கொக்கி மாட்டியது. டிரைவரக்கா எழுபத்தெட்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனை ஒன்பதிலிருந்து ஏழேகாலுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் ஏழுக்குக் கீழே கேட்டிருந்தார்.

அறிக்கை பார்க்க வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டிரைவரக்கா வண்டியை ஓரங்கட்டிய நாளைப் பற்றி எழுதிய பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"இதை எழுதாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"நோயாளிக்குத் தெரியும் மேடம்."

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. கையெழுத்து சரியில்லை என்று கொஞ்சம் குறைத்திருந்தார்கள்.

அறிக்கை முடிந்தது, இனிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் வழக்கமான கிழமையில் குண்டூசி டிப்போவுக்குப் போனாள். எடை மெஷினைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டதால் கை வீசிக்கொண்டு வந்திருந்தாள். டிரைவரக்கா அப்போதுதான் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினார்.

"மெஷின் எங்க?"

"இல்லக்கா. கொடுத்தாச்சு."

"நல்லதாப் போச்சு. மகள் வந்திருக்கா, நாலு நாளா வீட்டுல ஒரே விருந்து." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தார். "இருபது நிமிஷம் இருக்கு. வா, நடக்கலாம்."

கண்டக்டர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்காகக் கொஞ்சம் நின்று, மூவரும் பஸ்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார்கள்.