பூசணிக்காய் வைத்த பரீட்சை

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரே முட்டாள்தனத்தை நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு தடவை செய்தவன் நான்.

போன வாரம் கள்ளிக்குப்பம் வீட்டில் அக்ரிலிக் ஷெல்ஃப் மாட்டினேன். கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "யானையே ஏறலாம்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டு, பைண்டு புத்தகங்களை அடுக்கினேன். இன்று காலை பார்த்தால்... பலகை நடுவில் தொங்குகிறது.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை. ஸ்வீட் கடைகளுக்கு அக்ரிலிக் ரேக் செய்வோம். நான் தற்காலிகம். பூந்தமல்லி கடைக்கு நான் செய்த சாம்பிள் தேறினால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பலகைமேல் பத்து கிலோ எடைக்கல்லை வைத்தேன். லேசாகக் குழிந்தது. ஐந்து நிமிஷம் கழித்து எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது. 'பாஸ்' என்று நானே எழுதி, நானே கையெழுத்தும் போட்டேன்!

பக்கத்து மேஜையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த என் கூட்டாளி செல்வம் சிரித்தான்.

"அஞ்சு நிமிசம்லாம் ஒரு டெஸ்டா மாமே? கல்ல வச்சிட்டு ஊட்டுக்குப் போ. நாலு நாள் கயிச்சி வந்து பாரு."

"போடா, உனக்கு வயித்தெரிச்சல்."

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. லீவு முடிந்து மெஷின் ஓடும்போதுதான் பூசணிக்காய் உடைப்பது எங்கள் பட்டறை வழக்கம். அதுவரை பூஜையில் வைத்த எதையும் தொடக்கூடாது. அந்தப் பூசணியை என் பளபளப்பான சாம்பிள்மேல் வைத்து, பொட்டும் இட்டவன் யார்? நானேதான். எல்லோர் கண்ணிலும் படட்டுமே என்ற ஆசை!

தகரக் கூரை. நாலு நாள் வெயில். கதவைத் திறந்தால், பூசணிக்காய் தூளியில் படுத்த குழந்தை மாதிரி சுகமாகக் கிடந்தது. தூக்கினேன். பலகை நிமிரவில்லை. சாயங்காலத்துக்குள் கொஞ்சம் மேலே வந்தது... கொஞ்சம்தான்.

இத்தனைக்கும் பூசணி எடைக்கல்லைவிட லேசு.

"இன்னாபா, ரேக் கேட்டா தொட்டில் பண்ணிக் குடுக்கற?" என்றார் முதலாளி. தடித்த ஷீட், நடுவில் ஒரு தாங்கு என்று ஆர்டர் பிழைத்தது. என் நிரந்தரம்? "அத்த வர்ற ஆயுத பூஜைக்குப் பாப்போம்."

கனம் என்ன செய்யும் என்று அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. நாள் என்ன செய்யும் என்பதற்கு நாள்தான் ஆகவேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு மட்டுமா?

இன்று செல்வத்துக்குப் போன் போட்டேன். "ஷெல்ஃப் தொங்கிடுச்சுடா. திருப்பிப் போட்டா நேராயிடுமா?"

"பூசணிக்காயக் கேளு" என்று வைத்துவிட்டான்.