வெள்ளையில் ஒளிந்த வெள்ளை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் நாங்கள் இருக்கும் கம்பெனி லைன் வீடு என் பெயருக்கே ஆகிவிட்டதாகவும், ஆதாரை அனுப்பும்படியும் மைன்ஸ் ஆபீஸ் பெயரில் ஒரு மெயில், ஸ்பேம் என்கிற குப்பைப் பெட்டியில் கிடந்தது. அங்கே தள்ளிவிட்ட மெஷினுக்கு என்ன தெரியும் என்று அதை வெளியே எடுத்து, ஆதார் அட்டையைப் படமும் பிடித்துவிட்டேன்.

"நைனா, இன்னா பண்ற?" பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் மகள் ஸ்டெல்லா போனைப் பிடுங்கி, மெயில் முழுவதையும் செலக்ட் செய்தாள். வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் வரிவரியாக எழுத்து!

"மெஷின ஏமாத்த நல்ல மெயிலு மாதிரி வார்த்தைங்கள வெள்ளையில வெள்ளையா எழுதிக்கீறான். மெஷினு அதையும் படிச்சி ஸ்பேம்ல தள்ளிருச்சி. பேரு மைன்ஸ் ஆபீசு, அனுப்பன அட்ரஸ் எந்த ஊரோ!"

எடுத்த ஆதார் படத்தை அழித்தேன். சுரங்க ஷாஃப்டிலிருந்து ஏறி வருபவர்களின் தலைமுடியைக்கூடக் கேட்டில் கலைத்துத் தங்கம் தேடுவார்களாம். அந்தச் சோதனை என் போனுக்குள்ளும் நடக்கிறது!

இப்போது ஸ்பேமில் கிடப்பதை நான் தொடுவதில்லை. கேட்டில் பிடிபட்டவனுக்கு ஜாமீன் கொடுக்க நான் யார்?