குட்டியை உள்ளே வைத்துப் பூட்டினார்கள்

குட்டிக்கு வயது நாற்பத்து நாலு. வீட்டில் கடைசியாகப் பிறந்த குற்றத்துக்கு அந்தப் பெயர் ஆயுள் தண்டனையாக ஒட்டிக்கொண்டது. அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரும் மேடம் என்பார்கள். மூக்கில் தழும்பு விழாமல், காதை உறுத்தாமல் ஃபிரேமை வளைத்துப் பொருத்துவதில் அவளுக்கு நல்ல கை. கடையைத் தாண்டிவிட்டால் மறுபடியும் குட்டிதான். அண்ணன் வீட்டு ஹாலில் டிவிக்கு எதிரே கிடக்கும் சோபா அவள் படுக்கை. கடைசி ஆள் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போகும்வரை அவளுக்குத் தூங்க வழியில்லை.

கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. அதனால் சொந்தக்காரர்கள் வீட்டில் எது என்றாலும், "குட்டி சும்மாதானே இருக்கா" என்று ஒரு வார்த்தை கிளம்பிவிடும். வாரம் முழுக்கக் கடையில் நின்று கால் வீங்குவதெல்லாம் யார் கணக்கிலும் இல்லை. அக்காவும் அத்தானும் வெளியூர் போனால் வீட்டையும் நாயையும் காப்பது அவள் பொறுப்பு. முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. என்றைக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்வார்கள்.

இந்த முறை அவள் முகம் சுளிக்காமல் பெட்டியோடு வந்ததற்குக் காரணம் இருந்தது. அக்கா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு மாடியில், ஒற்றை அறை வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு ஜன்னல், ஒரு சின்ன சமையல் மேடை, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு. "ஞாயித்துக்கெழம காலையில நேர்ல வந்தா சாவி. வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். குட்டி இதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லி, கடைசியில் அறையே காணாமல் போய்விடும் என்று பயம்.

அக்கா வீட்டு நாய்க்கு ஜட்ஜ் என்று பெயர். எதிரில் நிற்பவர் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரியே பார்க்கும். வயதாகிவிட்டது, முட்டி வலிக்கு மாத்திரை, அதையும் ரொட்டிக்குள் ஒளித்து வைத்தால்தான் முழுங்கும். ஆனாலும் காலால் கைப்பிடியை அழுத்திக் கதவைத் திறக்கும் வித்தையை மட்டும் மறக்கவில்லை. இரண்டு தரம் தெருவுக்குப் போய் மானத்தை வாங்கியபிறகு அந்த வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள்: கடைசியாக வெளியே போகிறவர் இரும்புக் கிரில்லை இழுத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

சனிக்கிழமை விடிவதற்குள் அக்காவோடு ஊருக்குக் கிளம்பிய அத்தான் சட்டப்படி நடந்துகொண்டார். உள்ளே ஒரு மனுஷி தூங்குகிறாள் என்பது அவருடைய கைக்குத் தெரியவில்லை. குட்டி எழுந்து ஜட்ஜை வெளியே கூட்டிப் போகலாம் என்று கதவைத் திறந்தால், கிரில்லில் முஷ்டி அளவு பூட்டு.

போன் போட்டாள். "இன்னொரு சாவிய நீங்க குடுக்கலையா?" என்று அக்கா அத்தானைக் கேட்பதும், "நீதானே குடுக்கறேன்னே?" என்று அவர் திருப்பிக் கேட்பதும் காதில் விழுந்தது. இரண்டு சாவியும் அவர்களோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தன.

"பூட்டு ஆள கூப்பிடட்டுமாக்கா?"

"அய்யோ வேணாம்டி. உங்க அத்தான் பாத்துப் பாத்து வாங்கின பூட்டு. அரிசி, பால், முட்டை எல்லாம் இருக்கு. திங்கக்கெழம காலையில வந்துடுவோம். அதுவரைக்கும் நீ எங்க போகப் போற?"

குட்டி வாயைத் திறந்தாள். "எங்கயும் போகலக்கா" என்றுதான் வந்தது. தன் நாக்கையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து ஜட்ஜை அழைத்தாள். அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம்வரை அடக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் அக்காவின் ரோஜாத் தொட்டியில் காலைத் தூக்கினார். குட்டி திட்டவில்லை. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

பிறகு படம். அத்தானிடம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அலமாரி நிறைய இருந்தன. வழக்கமாக இந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே சுகம் அதுதான், ரிமோட் அவள் கையில். ஒன்றை எடுத்துப் போட்டாள். தம்பி தங்கைகளுக்காகத் தன் வாழ்க்கையைத் தாரை வார்த்த மூத்தவள், இருமி இருமி, எல்லோரும் நல்லாயிருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடுவாள். எத்தனை தரம் பார்த்தாலும் குட்டி மூக்கைச் சிந்துவாள். இன்றைக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயத் தொறந்து கேளேன்டி! கேட்டா என்ன, தலையையா வாங்கிடுவாங்க?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். ஜட்ஜ் திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

அடுத்த படத்தில் கதாநாயகன் ஓட்டைப் பிரித்துக்கொண்டு தப்பினான். இந்த வீட்டுக்குக் கான்கிரீட் கூரை. அணைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரம்மா கூப்பிட்டாள். "வர்றீங்களா இல்லையா? இங்க ஒரு தம்பி அட்வான்ஸோட வந்து நிக்கறாரு."

"வந்துட்டே இருக்கேம்மா" என்றாள் குட்டி, கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

எதிர்க் கட்டடத்துச் சுவரில், பூட்டு வேலை என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. நேற்று முழுக்க அது அவள் கண் முன்னால்தான் இருந்தது. அக்கா சரி என்று சொல்லவில்லை, அதனால் கூப்பிடவில்லை. நினைத்துப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. கூப்பிட்டாள்.

பூட்டுக்காரர் பையோடு வந்து கிரில்லுக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷத்துல வெளிய நிக்கறவங்கதாம்மா என்னக் கூப்பிடுவாங்க. உள்ள இருந்து கூப்பிட்டது நீங்கதான். வீடு உங்களுதா?"

"எங்க அக்கா வீடு."

"அப்ப அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கு என் தலை உருளக்கூடாது பாருங்க."

வேறு வழியில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, பூட்டுக்காரரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். "அக்கா, பூட்ட அறுக்கச் சொல்லப் போறேன். எனக்குத் தனியா ஒரு ரூம் பாத்திருக்கேன். இப்பவே போய்ச் சாவி வாங்கலைன்னா கை விட்டுப் போயிடும்."

ஏன்டி, அண்ணன் வீட்டில் என்ன குறை, தனியாக இருக்கப் பயமில்லையா? அக்கா இதில் எதைக் கேட்டாலும் சொல்ல அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"அப்ப நாங்க ஊருக்குப் போனா ஜட்ஜ யாருடி பாத்துப்பா?" என்றாள் அக்கா.

குட்டி போனை வைத்துவிட்டாள். "அறுங்க" என்றாள்.

"அவங்க சரின்னு சொல்லலியேம்மா."

"நான் சொல்றேன். உள்ள இருக்கறது நான்தானே?"

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து ரம்பத்தை எடுத்தார்.

பூட்டு இல்லாத வீட்டில் ஜட்ஜை விட்டுப் போகமுடியாது. கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டி அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். முட்டி வலியோடு அவரும் கூடவே ஓடிவந்தார்.

வீட்டுக்காரம்மா வாசலில் சாவியோடு நின்றாள். அட்வான்ஸ் தம்பியும் நின்றான். "நாய் வச்சிருக்கறவங்களுக்கு நான் விடறதில்லையே" என்றாள் அவள்.

"என் நாய் இல்லம்மா. அக்கா வீட்டுது. இன்னியோட சரி, இனிமே நான் பாத்துக்க மாட்டேன்."

எல்லோரிடமும் சொல்லவேண்டும் என்று வருஷக்கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம். அதை முதலில் கேட்டது, அவளிடம் எதையும் கேட்காத அந்த ஒரே ஜீவன். ஜட்ஜ் மூச்சிரைத்துக்கொண்டே அவள் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவியை நீட்டினாள். "அத வெளிய கட்டிட்டு உள்ள போய்ப் பாருங்க."

மாடிக் கைப்பிடியில் கட்டிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சத்தமில்லாத அறை. டிவி வைக்க இடம்கூட இல்லை. சந்தோஷத்தில் வெறும் சுவரைத் தடவிப் பார்த்தாள். வெளியே ஜட்ஜ் முனகத் தொடங்கினார், பிறகு குரைத்தார், பிறகு அழுதார். கை தன் பாட்டுக்குத் தாழ்ப்பாளுக்குப் போனது. அவள் கையைக் கீழே இறக்கினாள். வெறும் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கதவைத் திறக்கவில்லை.