இடது பக்கத்துக் கேள்வி

எட்டு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்து, காய்ச்சல் விட்டு, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் இடது காது கேட்கவில்லை என்று தெரிந்தது. புதுச்சேரி வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நரம்பு போய்விட்டது, இனிமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸிலேயே அம்மா முடிவு எடுத்துவிட்டாள். இது வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பெண் பிள்ளை, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவள்.

அதற்கப்புறம் வகுப்பில் இடது சுவரோரம்தான் என் இடம். மாதா கோயிலிலும் பெஞ்சின் இடது ஓரம். தெருவில் நடந்தால் தங்கச்சி என் இடது பக்கம் வருவாள். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் முழங்கையால் இடிப்பாள். அவள் கூட இல்லாத நேரங்களில் கூப்பிட்டவர்களுக்கு நான் பதில் சொல்லாமல் போயிருக்கிறேன். அதனால் கோவில்பத்தில் எங்கள் தெருவில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். அம்மா அதற்குக் கவலைப்படவில்லை. திமிருக்கு மாப்பிள்ளை கிடைப்பான் என்பாள்.

பி.காம். முடித்து ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழவாஞ்சூரில் ஒரு சரக்கு லாரி கம்பெனியில் கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து எழுதிப் போட்டேன். அதே நேரத்தில் நாகப்பட்டினத்தில் ஒரு சம்பந்தமும் ஏறக்குறைய முடிந்திருந்தது. பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதுதான் பாக்கி.

சென்னையில் வேலை பார்க்கும் என் தோழி போனில் பாடம் நடத்தினாள். எல்லா இன்டர்வியூவிலும் வீக்னஸ் கேட்பார்களாம். உண்மையைச் சொல்லவே கூடாதாம். குறை மாதிரி இருக்க வேண்டும், கேட்டால் நல்ல குணமாகத் தெரிய வேண்டும். “எடுத்த வேலைய முடிக்காம எந்திரிக்க மாட்டேன்னு சொல்லு, போதும்” என்றாள். அதையே பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

அந்த அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மேனேஜர். வலது பக்கம் கணக்குப் பிரிவைப் பார்க்கும் ஒரு அக்கா. எங்கள் கோயிலுக்குத்தான் வருவார், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். இடது பக்கம் ஒரு பெரியவர், முதலாளிக்கு உறவு என்றார்கள். நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். வெளியே நிலக்கரி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஏசி வேறு இரைந்தது.

மேனேஜர் கேட்டதும் அக்கா கேட்டதும் தெளிவாக விழுந்தன. நன்றாகத்தான் பதில் சொன்னேன். பிறகு பெரியவர் பேப்பரைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அதுவரை யாரும் வீக்னஸ் பற்றிக் கேட்டிருக்கவில்லை, அதைத்தான் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

“எடுத்த வேலைய முடிக்காம எந்திரிக்க மாட்டேங்க. அதுதான் என் வீக்னஸ்” என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். மேனேஜர்தான் சொன்னார், “அப்பா என்ன பண்றாங்கன்னு சார் கேட்டாங்கம்மா.”

முகம் காந்தியது. அப்பா டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மேனேஜர் கேலியாகப் பேசவில்லை. “சரி, நீங்களே ஆரம்பிச்சிட்டீங்க. நெசமாவே என்ன வீக்னஸ், சொல்லுங்க” என்றார்.

“எனக்கு இடது காது கேக்காதுங்க.”

வேறு எதுவும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. தைரியம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். எனக்கு அது தைரியம் இல்லை. வேறு வழியில்லாமல் வந்த சொல். பெரியவர் எழுந்து நாற்காலியோடு அந்தப் பக்கம் போய் அக்காவுக்கு அருகில் உட்கார்ந்தார். போன் பேச முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். யார்டில் லாரி பின்னால் எடுக்கும்போது ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அதையும் மறைக்கத் தோன்றவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் புகழ்ந்தார். உங்கள் பெண் எதையும் மறைக்காமல் சொன்னாள், எங்களுக்கெல்லாம் ஆச்சரியமாகப் போய்விட்டது என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அம்மா சிரித்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்து முக்காட்டை மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “கேட்டா சொல்லிடுறதா? யாரு கேட்டாலும் சொல்லிடுறதா?” அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடம் தான் எத்தனை பேரிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியுமா என்றாள். தெரியாதுதான். என் பக்கத்தில் நின்று எனக்காக எத்தனை பேச்சுக்கு அவள் பதில் சொல்லியிருப்பாள் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

அப்பா அதிகம் பேசாதவர். வேறு வாயால் போவதற்கு முன் நாமே சொல்லிவிடலாம் என்று நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் வாசற்படியில் நின்று கேட்டேன். மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். பிறக்கிற பிள்ளைகளுக்கு வருமா என்று மட்டும் கேட்டார். பொன்னுக்கு வீங்கியால் வந்தது, வழிவழியாக வருவதில்லை என்று அப்பா விளக்கினார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதற்கப்புறம் பேசவில்லை. அந்தச் சம்பந்தம் பேசிய தரகரைக் கேட்டால், காது கூடப் பரவாயில்லை, மறைத்ததுதான் அவர்களுக்கு வருத்தம் என்றார். அது உண்மையா, சொல்வதற்கு வசதியான காரணமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வேலை கிடைத்தது. யார்டுக்குப் போகாத வேலையாக, மாடியில் பில் பிரிவில் போட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை.

இப்போது போய் வந்துகொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் வலது பக்கம் வந்து நின்று கத்தினார்கள். கத்த வேண்டாம் என்று சொன்னால் அரை நாள் ஞாபகம் இருக்கும். ஒருவர் என் இடது பக்கம் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, கேட்டதா என்று கேட்பார். அவருக்கு அது விளையாட்டு. மறைத்து வைத்திருந்த காலத்தில் இந்த அலுப்பு இருந்ததில்லை. வேறொரு பயம் இருந்தது. எது மேல் என்று நினைத்துப் பார்ப்பேன், முடிவுக்கு வர முடியாது.

போன வாரம் புதிதாக ஒரு தரகர் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். நான் வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா அவரைக்காய் நறுக்கியபடியே கேட்டாள். “அவருகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. சொல்லவா, வேணாமா?”

அவள் இதை என்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“சொல்லிடுங்கம்மா” என்றேன்.

“வர்றவங்க கொறஞ்சிடுவாங்க.”

“தெரியும்மா.”

அம்மா நறுக்கிய காயை அள்ளிச் சட்டியில் போட்டாள்.